முதல் சம்பளத்துக்கு முன்னால்

கோவில்பட்டிக்குக் கிழக்கே உள்ள ஒரு கரிசல் கிராமத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் பொருளியல் பாட முதுகலை ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். எங்கள் பள்ளியின் உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியரும் நான்தான். படித்து முடித்துப் போன பிள்ளைகளுக்காக ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறேன். கலந்தாய்வு தேதி, உதவித்தொகை அறிவிப்பு, வேலைவாய்ப்புச் செய்தி எது கிடைத்தாலும் அதில் போடுவேன்.

ஒருநாள் நண்பர் ஒருவர் அனுப்பிய செய்தியை அந்தக் குழுவில் பகிர்ந்தேன். பட்டப்படிப்பு முடித்த பெண்களுக்கு அலுவலக வேலை, மாதம் 18,000 ரூபாய், முன் அனுபவம் தேவையில்லை என்று இருந்தது. முழுதாகக் கூடப் படிக்கவில்லை. பிள்ளைகளுக்கு உதவும் என்று நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு முன்னாள் மாணவி பள்ளிக்கு வந்தார். பி.எஸ்சி. முடித்தவர். அவர் வீட்டில் முதல் பட்டதாரி. அவருடைய அம்மா தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்குகிறவர். அந்த வேலைக்குப் பயிற்சிக் கட்டணம் 4,500 ரூபாய், பிறகு மடிக்கணினிக்கு முன்பணம் 8,000 ரூபாய் என்று இரண்டு தவணையாகக் கட்டியிருக்கிறார்கள். அம்மாவின் கம்மல் அடகுக்குப் போயிருக்கிறது. அதன்பின் அந்த எண் எடுக்கப்படவே இல்லை.

“சார், நீங்க போட்டதுனாலதான் நம்பிக் கட்டுனோம்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். அதனால்தான் எனக்குத் தாங்க முடியவில்லை.

அன்றே இணையக் குற்றங்களுக்கான 1930 உதவி எண்ணில் அழைத்துப் புகார் பதிந்தோம். பணம் போன சில மணி நேரத்துக்குள் சொன்னால் அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. எங்களுக்கு நாள்கள் கடந்துவிட்டன. பணம் திரும்பவில்லை.

‘நான் முதல்வன்’ திட்டம் 2022 மார்ச் 1-இல் தொடங்கியபின் பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து கல்லூரிக்குப் போகும் வழியை நாம் ஓரளவு நன்றாகவே காட்டிவிடுகிறோம். எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி, எந்த உதவித்தொகை என்று சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் படித்து முடித்து முதல் வேலையின் வாசலில் பிள்ளை நிற்கும்போது பக்கத்தில் நாம் இருப்பதில்லை. அந்த வாசலில் என்ன கேட்க வேண்டும், எதற்குக் கையெழுத்துப் போடக் கூடாது என்பதைப் பள்ளியிலேயே சொல்லித் தந்தால் என்ன? அந்த எண்ணத்தில் மூன்று பாடவேளைகளுக்கு ஒரு பாடம் தயாரித்தேன். அதைத்தான் இங்கே பகிர்கிறேன்.

பணம் கைமாறும் நேரம்

பாடத்தை எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தபோது எங்கள் ஊரின் கதையே கைகொடுத்தது.

மானாவாரியை நம்பிய பூமி இது. மழை பெய்தால் உளுந்து, பாசி, மக்காச்சோளம், பருத்தி, பொய்த்தால் ஒன்றுமில்லை. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். பிறகு அது சாத்தூர், கோவில்பட்டி வட்டாரங்களுக்கும் பரவி, மழையில்லாத வருஷங்களில் ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பெரிய வைத்தது. அதை மறக்கக் கூடாது. ஆனால் அதற்கு இன்னொரு பக்கமும் இருந்தது. 1980-களில் நான் ஊர்த் தொடக்கப் பள்ளியில் படித்தபோது, விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீஸ் வேன் வரும். என் வகுப்பில் பெயர் இருந்த பலர் அந்த வேனில்தான் போவார்கள். ஏஜெண்ட் அவர்கள் வீட்டில் முன்பணம் கொடுத்திருப்பார். அது கழியும்வரை பிள்ளை போயாக வேண்டும்.

1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடை மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. சிவகாசிக் குழந்தைகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10-இல் தீர்ப்பளித்தது. அபாயகரமான தொழிலில் குழந்தையை அமர்த்தியவர் ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. சட்டமும் சத்துணவும் பள்ளிகளும் சேர்ந்து அந்த வேனை நிறுத்தின.

அடுத்து வந்தது நூற்பாலைத் தரகர். தென் மாவட்டக் கிராமங்களிலிருந்து பதின்வயதுப் பெண்களைக் கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து ஆலைகளுக்கு அழைத்துப் போனார்கள். மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் முடிவில் திருமணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை என்பது பேச்சு. ‘சுமங்கலித் திட்டம்’ என்று ஊரே அதை அழைத்தது. இடையில் உடம்புக்கு முடியாமல் திரும்பிய பெண்ணுக்கு அந்தத் தொகை இல்லை. 2011-இல் ஐரோப்பிய ஆய்வு அமைப்புகள் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டபின் உலகின் பெரிய ஆடை நிறுவனங்கள் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

இப்போது வருவது கைப்பேசிச் செய்தி. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், காப்புத்தொகை.

இந்த மூன்றையும் கரும்பலகையில் வரிசையாக எழுதிவிட்டு, “இதில் பொதுவாக என்ன இருக்கிறது?” என்று பதினொன்றாம் வகுப்பில் கேட்டேன். சிறிது நேரம் கழித்து ஒரு பையன் சொன்னான்: “எல்லாத்துலயும் துட்டு முதல்லயே பேசி முடிச்சிருதாங்க சார்.”

அதுதான் பாடத்தின் மையம். முதல் காலத்தில் முன்பணம் கொடுத்துக் கட்டினார்கள். அடுத்து, கடைசியில் தருவதாகச் சொல்லிக் கட்டினார்கள். இப்போது நம்மிடமே வாங்கிக்கொண்டு போகிறார்கள். மாதம் முடிந்தால் செய்த வேலைக்குச் சம்பளம் என்ற நேரான கணக்கு மூன்றிலும் இல்லை. எனவே எந்த வேலை வந்தாலும் பிள்ளை கேட்க வேண்டிய முதல் கேள்வி: முதல் சம்பளத்துக்கு முன்னால், யார் கையிலிருந்து யார் கைக்குப் பணம் போகிறது?

இது நம் ஊர் சந்தேகப் புத்தி அன்று. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1997-இல் நிறைவேற்றிய 181-ஆம் உடன்படிக்கை, வேலை தேடித் தரும் தனியார் முகமைகள் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதையே பொதுவிதியாக வைத்திருக்கிறது. இந்தியா அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. ஆனாலும் ஆள் தேவைப்படுகிறவர்தான் ஆள் தேடும் செலவை ஏற்க வேண்டும் என்ற நியாயம் பிள்ளைகளுக்கு எளிதில் புரிந்துவிடுகிறது.

முதல் பாடவேளை: விளம்பரத்தைப் படித்தல்

முந்தின வாரமே, கண்ணில் படும் வேலை விளம்பரங்களைப் பார்த்து எழுதிவரச் சொன்னேன். பேருந்து நிலையச் சுவர், மின்கம்பம், டீக்கடை, அண்ணன் அக்கா கைப்பேசி என்று எல்லா இடத்திலிருந்தும் கொண்டுவந்தார்கள். நால்வர் கொண்ட குழுக்களாகப் பிரித்து ஒவ்வொரு விளம்பரத்திலும் ஐந்து விவரங்களைத் தேடச் சொன்னேன்: நிறுவனத்தின் முழுப் பெயர், முகவரி, வேலையின் பெயர், சம்பளம், கட்டணம் ஏதும் உண்டா என்பது.

பெரும்பாலான விளம்பரங்களில் ஒரு கைப்பேசி எண்ணும் பெரிய எழுத்தில் ஒரு தொகையும் மட்டுமே இருந்தன. “ஆட்கள் தேவை, உடனே அழைக்கவும்” என்று இருக்கிறது. யாருக்குத் தேவை என்று இல்லை. ஒரு மாணவி எழுந்து, “ஆடு வாங்கணும்னாக்கூட யார் வீட்டு ஆடுன்னு எங்க தாத்தா கேப்பாரு சார்” என்றாள். வகுப்பே சிரித்தது. பாடம் அங்கேயே பாதி முடிந்தது.

இந்த வேளையின் முடிவில், கட்டணம் இல்லாமல் வேலை தேடும் வழிகளைச் சொன்னேன். தூத்துக்குடியில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம், அது நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்கள், அரசின் தமிழ்நாடு தனியார்துறை வேலை இணையம் எல்லாம் இலவசம். வெளிநாட்டு வேலைக்கு மாநில அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் 1978 முதல் இருக்கிறது.

வளைகுடா நாடுகளுக்குப் போகும் உறவினர்கள் பல வீடுகளில் இருப்பதால் அதையும் விளக்கினேன். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் முகவர் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான். பதிவு உண்டா என்பதை மத்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தில் பார்க்கலாம். சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்புகிறேன் என்பவர் நேர்மையான முகவர் அல்லர். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போய், மியான்மரில் இணைய மோசடிக் கும்பலிடம் சிக்கிய தமிழ் இளைஞர்கள் 13 பேர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை திரும்பினார்கள். அவர்கள் எல்லாம் படித்தவர்கள் என்பதை அழுத்திச் சொன்னேன்.

இரண்டாம் பாடவேளை: சம்பளக் கணக்கும் கடிதமும்

“மாதம் 14,000 ரூபாய்” என்றால் கையில் எவ்வளவு வரும்? ஏழாம் வகுப்பில் படித்த சதவீதக் கணக்குதான். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 10,000 என்று வைத்துக்கொண்டால், வருங்கால வைப்பு நிதிக்கு 12 சதவீதம், அதாவது 1,200 ரூபாய். இ.எஸ்.ஐ.க்கு மொத்தச் சம்பளத்தில் 0.75 சதவீதம், அதாவது 105 ரூபாய். மீதி 12,695. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் 2,500 பிடித்தால் 10,195.

“அப்போ ஏமாத்துதாங்களா சார்?” என்று ஒருவன் கேட்டான். இல்லை என்று விளக்கினேன். வைப்பு நிதி நம் பெயரில் சேரும் சேமிப்பு. நிறுவனமும் அதற்குத் தன் பங்காக 12 சதவீதம் செலுத்துகிறது. இ.எஸ்.ஐ.க்கும் நிறுவனம் 3.25 சதவீதம் செலுத்துகிறது. அது குடும்பத்துக்கு மருத்துவ வசதி தருகிறது. பிடித்தம் இருப்பதைவிட, பிடித்தமே இல்லாமல் முழுத்தொகையையும் கையில் தருகிறேன் என்பவரிடம்தான் கூடுதலாகக் கேட்க வேண்டும். பிடிக்கிறார்கள், ஆனால் கணக்கில் கட்டவில்லை என்றால் அது ஏமாற்று. வைப்பு நிதிக் கணக்கு எண்ணைக் கேட்டு வாங்கி, இணையத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிறகு நானே எழுதிய ஒரு மாதிரி நியமனக் கடிதத்தைக் கொடுத்தேன். வேண்டுமென்றே சில விவரங்களை விட்டிருந்தேன். சில பிழைகளைச் சேர்த்திருந்தேன். வேலை நேரம் இல்லை. வார விடுமுறை இல்லை. “அசல் சான்றிதழ்களை இரண்டு ஆண்டுகளுக்கு ஒப்படைக்க வேண்டும்” என்று ஒரு வரி. “மூன்று ஆண்டுகளுக்குள் விலகினால் 50,000 ரூபாய் செலுத்த வேண்டும்” என்று இன்னொரு வரி. சிவப்பு மையால் அடிக்கோடிடச் சொன்னேன்.

அவர்கள் தெரிந்துகொண்டவை இவை. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் தொழிலாளருக்கு நியமனக் கடிதம் தருவதைக் கட்டாயமாக்கியுள்ளன. வேலை நேரம் வாரத்துக்கு 48 மணிக்குமேல் போனால் மிகைநேரத்துக்கு இரட்டைச் சம்பளம். சான்றிதழைச் சரிபார்க்க வாங்கிப் பார்ப்பது வேறு, பூட்டி வைத்துக்கொள்வது வேறு. நகல் கொடு, அசலைக் காட்டு, கையோடு திரும்ப வாங்கு. இதை வகுப்பில் மூன்று முறை எல்லோரையும் சேர்ந்து சொல்ல வைத்தேன்.

மூன்றாம் பாடவேளை: நேர்காணல்

இது நடிப்பு. இரண்டு பேர் அதிகாரிகள், ஒருவர் வேலை தேடுபவர். முதலில் வழக்கமான கேள்விகள்: உன்னைப் பற்றிச் சொல், ஏன் இந்த வேலை, என்ன தெரியும். பிள்ளைகள் தயங்கினாலும் நன்றாகவே செய்தார்கள்.

அடுத்து, கேட்கக் கூடாத கேள்விகளைக் கேட்கச் சொன்னேன். “உங்க ஊர்ல எந்தத் தெரு?” என்று அதிகாரியாக உட்கார்ந்தவன் கேட்டான். வகுப்பு சட்டென்று அமைதியாகிவிட்டது. அந்தக் கேள்வி எதைத் தெரிந்துகொள்ளக் கேட்கப்படுகிறது என்று நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வேலை தேடுபவளாக நின்ற மாணவி கொஞ்சம் யோசித்து, “அஞ்சல் முகவரி விண்ணப்பத்துல இருக்கு சார்” என்றாள். நான் சொல்லிக்கொடுத்த பதில் அன்று அது. அதைவிட நல்ல பதில் எனக்கும் தெரியாது.

“கல்யாணம் ஆனா வேலையை விட்ருவியா?” என்பது அடுத்த கேள்வி. 2024-இல் சென்னைக்கு அருகே ஒரு பெரிய கைப்பேசி ஆலையில் திருமணமான பெண்களை எடுப்பதில்லை என்று செய்தி வெளியானபோது, மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது. ஆட்சேர்ப்பில் பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1976-ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டமே சொல்லியிருந்தது என்பதைச் சேர்த்துச் சொன்னேன். அரசு வேலையில் சாதி, மதம், பால், பிறந்த இடம் பார்த்துப் பாகுபாடு கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொல்வதை அவர்கள் புத்தகத்திலேயே படித்திருக்கிறார்கள். அந்தப் பாடத்துக்கும் இந்த நாற்காலிக்கும் உள்ள தொடர்பு அன்றுதான் புரிந்தது என்றார்கள்.

ஒரு தந்தையின் கேள்வி

பெற்றோர் கூட்டத்தில் இந்தப் பாடத்தைப் பற்றிப் பேசினேன். ஒரு தந்தை எழுந்து கேட்டார்: “சார், வேல கிடைக்கதே பெரிய பாடா இருக்கு. இதுல எம்புள்ள போயி இத்தன கேள்வி கேட்டா, அடுத்த ஆளைக் கூப்பிட மாட்டானா?”

நியாயமான கேள்வி. அதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. கேள்வி கேட்பதாலேயே ஒரு வேலை கைநழுவிப் போகலாம். ஆனால் எல்லாக் கேள்விகளையும் ஒரே மூச்சில், சண்டைக்கு நிற்பதுபோலக் கேட்க வேண்டியதில்லை. “அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் என்னைக்கு சார் கிடைக்கும்?”, “வீட்டுல ஒருதடவை காட்டிட்டு நாளைக்குக் கையெழுத்துப் போடட்டுமா மேடம்?” என்று பணிவாகக் கேட்கலாம். நேர்மையான நிறுவனம் இதற்குக் கோபப்படாது. கோபப்பட்டால் அதுவும் ஒரு விடைதான். இதை அவரிடம் சொன்னேன். அவர் முழுதாக ஒப்புக்கொண்டாரா என்று தெரியவில்லை. “எழுதிக் குடுங்க சார், வீட்டுல ஒட்டி வைக்கேன்” என்றார். அடுத்த நாளே ஐந்து கேள்விகளை ஒரு தாளில் அச்சிட்டு எல்லா வீடுகளுக்கும் கொடுத்தோம்:

1. வேலை தருபவர் யார்? பெயரும் முகவரியும் உண்டா?
2. முதல் சம்பளத்துக்கு முன்னால் நம்மிடம் பணம் கேட்கிறார்களா?
3. பிடித்தம் போகக் கையில் எவ்வளவு?
4. பேசியதெல்லாம் எழுத்தில் இருக்கிறதா?
5. வேண்டாம் என்றால் சான்றிதழோடு வெளியே வர முடியுமா?

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு

இது மேல்நிலை வகுப்புக்கான பாடம் என்று தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் கடந்துவிட வேண்டாம். ஒரு பிள்ளையின் வேலைக்கான முதல் ஆவணத்தை எழுதுகிறவர்கள் நீங்கள்தான். முதல் வகுப்பில் சேர்க்கும்போது எழுதும் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி ஆகியவைதான் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் வரை வருகின்றன. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் வேறு எழுத்துக்கோப்பு, பள்ளிப் பதிவில் மூன்றாவது என்று இருந்தால், இருபது வயதில் அந்தப் பிள்ளை வேலைக்கும் கடவுச்சீட்டுக்கும் அலைய வேண்டியிருக்கும். அந்த அலைச்சலில்தான் “நான் முடித்துத் தருகிறேன்” என்று தரகர் உள்ளே வருகிறார். சேர்க்கை நாளில் பத்து நிமிடம் கூடுதலாகச் செலவழித்து ஆவணங்களை ஒப்பிட்டுவிட்டால் அந்தக் கதவை அப்போதே அடைத்துவிடலாம்.

நான்கு, ஐந்தாம் வகுப்புகளில் கடைச் சீட்டு, பேருந்துச் சீட்டு, அறிவிப்புப் பலகை ஆகியவற்றைப் படிக்க வைப்பதும் இந்தப் பாடத்தின் தொடக்கமே. காசு கொடுத்தால் சீட்டு வாங்க வேண்டும் என்று பழகிய குழந்தை, பின்னாளில் கடிதம் கேட்கக் கூச்சப்படாது.

எங்கள் குழுவில் இப்போது

வாட்ஸ்அப் குழுவில் இப்போது ஒரு விதி இருக்கிறது. எந்த வேலைச் செய்தியானாலும் ஐந்து கேள்விகளுக்கும் விடை தேடாமல் யாரும் போடக் கூடாது. முதலில் நான் போடக் கூடாது. என் தவறையும் குழுவில் எழுதி மன்னிப்புக் கேட்டேன். அதன்பிறகுதான் பிள்ளைகள் தங்களுக்கு வரும் செய்திகளைக் கூசாமல் அனுப்பிச் சந்தேகம் கேட்கத் தொடங்கினார்கள்.

பணத்தை இழந்த அந்த மாணவி வேலைவாய்ப்பு முகாம் ஒன்றில் கலந்துகொண்டார். இரண்டு இடங்களில் தேர்வானார். ஒன்றில் அசல் சான்றிதழ்களை ஒப்படைக்கச் சொன்னார்கள். ஒருநாள் அவகாசம் கேட்டு வந்து எனக்குத் தொலைபேசியில் பேசினார். நான் ஏதும் சொல்லவில்லை, அவரே முடிவெடுத்தார். மறுவாரம் மற்ற இடத்தில் சேர்ந்துவிட்டு, நியமனக் கடிதத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். கூடவே ஒரு குரல் பதிவு: “ஆயிரம் ரூபா கம்மிதான் சார். ஆனா சர்டிபிகேட் எங்க வீட்டு பீரோவுல இருக்கு.”

அம்மாவின் கம்மலை அவர் இன்னும் மீட்கவில்லை. நான்காவது மாதச் சம்பளத்தில் மீட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.

உங்கள் பள்ளியிலும் இந்த மூன்று பாடவேளைகளை நடத்திப் பாருங்கள். விளம்பரங்கள் உங்கள் ஊருக்கு ஏற்ப மாறும். பனியன் கம்பெனி, நூற்பாலை, கணினி மையம், வெளிநாடு என்று பெயர்கள் மாறும். பிள்ளைகள் கேட்க வேண்டிய முதல் கேள்வி எல்லா ஊரிலும் ஒன்றுதான்.